இரண்டு சகலன்மாரும் ஒரு சவுனாவும்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் துவாய் சுழற்றிச் சம்பளம் வாங்கிய தமிழன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை இவ்வளவு காலமும் வெளியில் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்கள், நான் ஏதோ உப்புக் கொம்பனியில் வேலை செய்வதாக நினைத்திருந்தார்கள். அதில் பாதி உண்மை இருந்தபடியால் நான் திருத்தப் போகவில்லை.

போன குளிர்காலத்தில் மருமகள் என்னைப் புதிதாகத் திறந்த ஒரு ஸ்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் முழங்காலுக்கு நல்லதாம். அங்கே சவுனா என்கிற மரச் சூட்டறைக்குள் ஊதாவும் பச்சையுமாக விளக்குகள், காது கிழியப் பாட்டு. ஓர் இளைஞன் வந்து சூடான கற்களின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, துவாயைத் தலைக்கு மேல் சுழற்றினான். முதுகுக்குப் பின்னால் எறிந்து முன்னால் பிடித்தான். கடைசியில் முழங்காலில் விழுந்து இரண்டு கைகளையும் விரித்தான். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டும் சும்மா இருந்தேன். கோபம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். எங்கள் காலத்தில் சவுனாவுக்குள் கைதட்டுகிற ஆளை மெதுவாகத் தோளில் தொட்டு வெளியே அனுப்பிவிடுவோம்.

பிறகு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் பக்கத்தில் வந்தான். தமிழ்ப் பையன்தான்.

"அங்கிள், ஷோ பிடிக்கேல்லையா?"

"பிடிச்சது தம்பி. நானும் உந்த வேலைதான் செய்தனான்" என்றேன்.

அவன் நம்பவில்லை. மருமகளும் நம்பவில்லை, அவளும் உப்புக் கொம்பனிக் கதையை நம்பிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். இரண்டு பேரும் கேட்ட கேள்விகளுக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் செய்த வேலைகளைச் சொல்லி உங்களைக் களைக்க வைக்கமாட்டேன். கோப்பை கழுவினேன், கந்தோர் கூட்டினேன், பீட்சாப் பெட்டி மடித்தேன். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த வேலை. இடம் ஸ்காபரோவின் தென்கரையில், ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி இருந்தது. முன்பு படகு திருத்துகிற கொட்டகை. அதை ஒரு ஜேர்மன் அம்மா வாங்கி, உள்ளே ஒரு வெந்நீர்க் குளம் கட்டி, ஆள் தானாக மிதக்கிற அளவுக்கு அதில் உப்பைக் கரைத்து, ஏரிப் பக்க முற்றத்தில் மரத்தால் ஒரு சவுனா அறையும் வைத்திருந்தார். அவர் பெயர் ஃபிராவ் லோமன். ஃபிராவ் என்றால் திருமதி. அவருடைய ஊரில் இந்த உப்புநீர் நிலத்துக்கு அடியிலிருந்து சூடாகவே வருமாம். "இங்கே லொறியில் வருகிறது" என்று சொல்லும்போது அவர் முகத்தில் செத்த வீட்டுக் களை தெரியும்.

வேலைக்கு எடுக்கும்போது என்னிடம் ஒரே ஒரு விடயம்தான் கேட்டார்.

"உனக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்?"

"எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனால் வழியில் பெரிய உப்பளம் வரும்."

"அங்கே வேலை செய்தாயா?"

"இல்லை. யன்னலால் பார்த்திருக்கிறேன்."

"மற்றவர்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை" என்றார். அடுத்த நாள் வேலை தொடங்கியது.

ஃபிராவ் லோமன் நெட்டையான மனுசி. மரச்செருப்புப் போட்டிருப்பார், கழுத்தில் ஒரு வெப்பமானி தொங்கும். மற்ற முதலாளிமார் கோபம் வந்தால் குரலை உயர்த்துவார்கள். இவர் குறைப்பார். சாதாரணமாகப் பேசினால் எல்லாம் சுகம். காதருகில் வந்து மெல்லமாகப் பேசினால் நான் எங்கேயோ குழாயைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று அர்த்தம். உதடு மட்டும் அசைந்து சத்தமே வராமல் போன ஒரு நாளும் உண்டு. அன்று நான் குளத்து வடிகட்டியைத் தலைகீழாகப் பூட்டியிருந்தேன்.

ஒவ்வொரு காலையும் அவர் குளத்தங்கரையில் குந்தியிருந்து, சுண்டுவிரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைப்பார். இரண்டே தீர்ப்புகள். "கடல்" என்றால் உப்புச் சரி. "ஏரி" என்றால் நான் போய் இன்னும் ஒரு மூட்டை அவிழ்க்க வேண்டும். ஒருநாள் கை தவறி நான் கூடக் கொட்டிவிட்டேன். அன்று நாக்கில் வைத்துவிட்டு "சூப்" என்றார். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. குளத்தில் பாதியை இறைத்தேன்.

சவுனா வேலையைப் பழகுவதற்கு என்னை ஜேர்மனிக்கே அனுப்பினார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அங்கே ஏரிக்கரையிலுள்ள பெரிய உப்புநீர்க் குளியலகம் ஒன்றில் தலைமைச் சவுனாக்காரராக இருந்தார். ஹெர் பீட்டர் என்று கூப்பிடுவோம், ஹெர் என்றால் திரு. வீட்டில் மனைவியிடம் பொயிலர் பழகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். பொயிலரும் அங்கே இருந்ததுதான்.

போன முதல் நாளே பிரச்சினை. ஜேர்மனியில் சவுனாவுக்குள் உடுப்போடு போகக்கூடாது. ஆணும் பெண்ணும் ஒரே அறையில், ஆளுக்கொரு துவாயை விரித்து, பிறந்த மேனியாக இருந்து பத்திரிகைச் செய்தி கதைக்கிறார்கள். நான் சாரம் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஹெர் பீட்டர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அதில் ஒரு நீச்சல் களிசானை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"அது களிசான். இது சாரம்" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் என்னைச் சுற்றி வந்து, சாரத்தின் மூட்டுத் தையலைத் தடவிப் பார்த்து, நீண்ட நேரம் ஜேர்மன் மொழியில் வாதாடினார்கள். கடைசியில் ஹெர் பீட்டர் முடிவைச் சொன்னார்: சாரம் என்பது இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த துவாய், துவாய்க்கு அனுமதி உண்டு, ஆகவே சாரத்துக்கும் உண்டு. நான் திரும்பி வரும்போது, தொப்பை வைத்த இரண்டு கிழவர்கள் இந்தத் தைத்த துவாய் எங்கே வாங்கலாம் என்று என்னிடம் விலாசம் கேட்டார்கள்.

அங்கே குளம் பாதி உள்ளே, பாதி வெளியே. நடுவில் தொங்குகிற பிளாஸ்ரிக் பட்டிகளை நீந்தித் தாண்டினால் தலைக்கு மேலே பனி கொட்டும், கழுத்துக்குக் கீழே வெந்நீர் இருக்கும், எதிரே ஏரி உறைந்து கிடக்கும். முதல்முறை மல்லாக்கப் படுத்தேன். கால் தானாக மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மிதந்தபோது எங்கேயோ வயலின் கேட்டது. திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினேன், சத்தமே இல்லை. தலையைப் பதித்தேன், வயலின். தூக்கினேன், இல்லை. செத்துப்போனேனோ என்று யோசித்தபடி தலையை இறக்கியும் ஏற்றியும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மூழ்குவதாக நினைத்து ஹெர் பீட்டர் உடுப்போடு குதித்துவிட்டார். பாட்டைத் தண்ணீருக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்களாம். உடுப்போடு குளத்துக்குள் இறங்கியதற்காக அவருக்கு அன்று மேலிடத்தில் ஏச்சு விழுந்தது.

தொழிலையும் பழகினேன். கற்களின் மேல் வாசனைத் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியைத் துவாயால் ஆட்கள் மேல் அடிப்பதற்கு அவுஃப்குஸ் என்று பெயர். முதலில் கதவைத் திறந்து பழைய காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு கதவைச் சாத்தி, என்ன வாசனை என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். மூன்று தரம் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தரமும் துவாயை மேலே சுழற்றி, பிறகு ஒவ்வோர் ஆளுக்கும் நேராக ஓர் அடி, வலையை வீசுவது மாதிரி. சுவரில் ஒரு மணற்கடிகாரம் இருக்கும். அது ஒருமுறை வடிந்தால் எல்லோரும் எழும்பிப்போய்க் குளிர்ந்த நீரில் நனைந்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஹெர் பீட்டர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. வியர்த்துக் கொட்டுகிறவனைப் பற்றிக் கவலைப்படாதே. வியர்வை நின்று தோல் காய்கிறவனைக் கண்டால் உடனே வெளியே கொண்டு வா. எப்படியாவது கொண்டு வா.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து சாரத்தோடு வேலையைத் தொடங்கினேன். இங்கே விருந்தாளிகள் நீச்சலுடுப்புப் போட்டுத்தான் வருவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஃபிராவ் லோமன் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் அம்மணத்தைக் கண்டு மூடுவார்கள். அவர் களிசானைக் கண்டு மூடுவார்.

சில வருடங்கள் எந்தச் சோதனையும் இல்லாமல் ஓடின. பிறகு ஒரு மாசி மாதத்துப் பின்னேரம் அந்த இரண்டு குடும்பங்களும் வந்தன.

எங்களிடம் வந்த முதல் தமிழர்கள் அவர்கள். அக்காவும் தங்கையும், அவர்களுடைய கணவன்மாரும். அக்கா பவளம், பிக்கரிங்கில் வீடு. அவருடைய கணவர் குலசேகரம், கணக்காளர். தங்கை மரகதம், அஜின்கோர்ட்டில் வீடு; அவருடைய கணவர் தில்லைநாதன், பலசரக்குக் கடை வைத்திருந்தார். முழங்கால் வலிக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று டொக்டர் சொன்னதால் பெண்கள் வந்தார்கள். கார் ஓட்ட ஆண்கள் வந்தார்கள். ஒரே நிறத்தில், ஒரே மாதிரி இரண்டு வெள்ளி நிற வான்கள் வாசலில் நின்றன.

என்னைக் கண்டதும் பவளம் அக்காவின் கண்கள் என் சாரத்தில் நின்றன.

"தம்பி, நீங்கள் எங்கட ஆளோ?"

"ஓம் அக்கா."

"இஞ்ச சாரத்தோட வேலைக்கு விடுறாங்களோ?"

"ஜேர்மனியில பாஸ் பண்ணின சாரம் அக்கா" என்றேன்.

பெண்கள் இருவரும் குளத்தில் இறங்கி, கையைக் கையில் கோத்துக்கொண்டு மிதக்கத் தொடங்கினார்கள். கதையும் தொடங்கிவிட்டது. ஆண்கள் இருவரும் முற்றத்துச் சவுனாவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசாததை நான் அப்போது கவனிக்கவில்லை. முறையை விளக்கினேன். புதியவர்கள் கீழ்த்தட்டில் இருப்பது நல்லது, மேல்தட்டில் சூடு அதிகம் என்றேன்.

"மேல்தட்டு ஆருக்கு?" என்று குலசேகரம் அண்ணை கேட்டார்.

"பழகின ஆக்களுக்கு அண்ணை."

அவர் நேரே ஏறி மேல்தட்டில் இடது மூலையில் இருந்தார். தில்லைநாதன் அண்ணை என்னைப் பார்க்கவும் இல்லை. ஏறி மேல்தட்டில் வலது மூலையில் இருந்தார். நடுவில் ஒரு முழுக் குடும்பம் இருக்கக்கூடிய இடைவெளி.

அன்று உள்ளே இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்லாந்துக்காரர், எங்கள் வாடிக்கையாளர், சவுனாவிலேயே பிறந்தவர் மாதிரி. நான் கதவைத் திறந்து காற்றை மாற்றி, சாத்தி, யூக்கலிப்டஸ் என்று அறிவித்து, மூன்று தரம் ஊற்றித் துவாய் வீசினேன். மணல் வடிந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பின்லாந்துக்காரர் கடைசியாக எழுந்தார். வாசலில் நின்று மேல்தட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த இரண்டு பேருக்கும் விசர்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். பின்லாந்துக்காரர் ஒருவர் சவுனாவில் அப்படிச் சொன்னால் அதைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது.

நானும் வெளியே வந்து கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். குலசேகரம் அண்ணை இறங்கி வந்து மணற்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். அது வடிந்ததும் தில்லைநாதன் அண்ணை இறங்கி வந்து திருப்பினார்.

உள்ளே போனேன். "அண்ணை, முதல் தரத்துக்கு இவ்வளவு காணும். எழும்புங்கோ."

குலசேகரம் அண்ணை கண்ணைத் திறக்கவில்லை. "அவரிட்டைச் சொல்லுங்கோ தம்பி. அவருக்குத்தான் ஏலாமல் இருக்கு."

நான் மற்ற மூலைக்குத் திரும்பினேன்.

"எனக்கு இப்பத்தான் கை கால் சூடேறுது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றார் தில்லைநாதன் அண்ணை.

எனக்கு விளங்கிவிட்டது. ஃபிராவ் லோமன் பல் பிடுங்கப் போயிருந்தார். நான் தனி ஆள். குளத்தடிக்கு ஓடினேன்.

"அக்கா, உங்கட ஆக்கள் ரெண்டு பேரும் வெளியில வாறினம் இல்லை."

பவளம் அக்கா மிதந்தபடியே சொன்னார். "ஒராள் வராமல் மற்றாள் வராது தம்பி. ரெண்டு பேரும் கதைச்சு நாலு வருஷம்."

"ஏனக்கா, காணிச் சண்டையோ?"

"சோபா" என்றார் மரகதம் அக்கா.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன்.

"நாங்கள் வீடு மாறேக்கை ரெண்டு பேருமாச் சோபா தூக்கினவை. தன்ர பக்கம்தான் பாரம் எண்டு அத்தான் சொன்னார். இல்லை, தன்ர பக்கம்தான் எண்டு இவர் சொன்னார். படியில சோபாவை வைச்சிட்டு ரெண்டு பேரும் போயிட்டினம். அந்தச் சோபா இப்பவும் படியிலதான் இருக்கு. நாங்கள் அதுக்கு மேலால ஏறித்தான் போறது."

"ரெண்டு பேருக்கும் பிரஷர் வேற" என்றார் பவளம் அக்கா. "தம்பி, எங்கட இவர் இண்டைக்குப் பிரஷர்க் குளுசை போட்டவரோ தெரியாது." அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் பிடித்தது. மிதந்துகொண்டிருந்தவர் எழும்பி நிற்கப் பார்த்தார். உப்புத் தண்ணீர் விடவில்லை. தங்கையும் நானுமாகப் பிடித்து நிமிர்த்தினோம்.

ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். ஆனால் கல் சூடாறப் பொழுதாகும். கதவை அகலத் திறந்து வைத்தேன்.

"கதவைச் சாத்துங்கோ!" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சாத்தினேன். வேறு வழி யோசித்துக்கொண்டு மறுபடி திறந்தேன்.

"அண்ணை, வெளியில ஒரு சில்வர் வானை இழுத்துக்கொண்டு போக லொறி வந்து நிக்குது!"

"அது அவரின்ர வானாயிருக்கும்" என்றார் ஒருவர்.

"என்ர வானை நான் வடிவா விட்டனான் எண்டு சொல்லுங்கோ. அவருக்குத்தான் பார்க் பண்ணத் தெரியாது" என்றார் மற்றவர்.

மறுபடி கதவைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தினேன்.

பெண்கள் இருவரும் துவாயைச் சுற்றிக்கொண்டு பனிக்குள் வந்து கண்ணாடியில் தட்டினார்கள். "இஞ்சேருங்கோ! வாங்கோ வெளியில!" அதுதான் பெரிய பிழையாகப் போய்விட்டது. மனைவிமார் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் முதுகை நிமிர்த்தி, நெஞ்சைத் தள்ளி, கலியாண வீட்டுப் படத்துக்கு இருப்பது போல் இருந்தார்கள்.

அப்போதுதான் தில்லைநாதன் அண்ணையின் தோளைப் பார்த்தேன். குலசேகரம் அண்ணையிடமிருந்து வியர்வை ஆறாக ஓடியது. இவருடைய தோள் காய்ந்திருந்தது. நெற்றியும் காய்ந்திருந்தது. முகம் பீற்றூட் நிறம். அதுவரை எனக்கு இது சிரிப்பான விடயமாகத்தான் இருந்தது. இனி இல்லை. இழுத்துக்கொண்டு வரலாம் என்றால் ஒவ்வொருவரும் என்னைப்போல் ஒன்றரை ஆள். ஒருவரை இழுத்தால் மற்றவர் வென்றுவிடுவார் என்று இழுபடுகிறவர் பலகையைக் கட்டிப்பிடிப்பார்.

நடக்க ஏலாத விருந்தாளிகளுக்கு என்று ஒரு சக்கர நாற்காலி வைத்திருந்தோம். ஏன் அது ஞாபகம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அதை உருட்டிக்கொண்டு வந்து சவுனா வாசலுக்கு வெளியே, பனியில் நிறுத்தினேன். கதவைத் திறந்து, ஆஸ்பத்திரித் தாதி மாதிரிக் கனிவாகச் சொன்னேன்.

"அண்ணையவை, நான் பிழையா விளங்கிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நிறையப் பேருக்கு இப்பிடி வாறதுதான். சூட்டில கால் விறைச்சுப்போகும், எழும்ப ஏலாமல் போகும். வெக்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பினம். கதிரை கொண்டந்திருக்கிறன். ஆருக்கு எழும்ப ஏலாது? அவரை முதல்ல தூக்குவம்."

இரண்டு பேரும் கண்ணைத் திறந்தார்கள். முதலில் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு, நாலு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எனக்கோ எழும்ப ஏலாது?" என்று குலசேகரம் அண்ணை பாய்ந்து எழுந்தார்.

தில்லைநாதன் அண்ணை அதற்குள் இறங்கிவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். வெப்பம் வெளியே போகாமல் இருக்கச் சவுனா வாசலை எப்போதும் ஒடுக்கமாகத்தான் வைப்பார்கள். இரண்டு வயிறும் ஒன்றாக அதற்குள் நுழைந்தன. நின்றன. அவ்வளவுதான். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

"அவரைப் பின்னுக்குப் போகச் சொல்லுங்கோ!"

"அவர் போகட்டும்!"

நான் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தேன். பெண்கள் மற்றவரின் கையைப் பிடித்து இழுத்தார்கள். மரம் கிறீச்சிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. ஃபிராவ் லோமன் பல் வைத்தியரிடமிருந்து திரும்பி வந்துவிட்டார். முகத்தில் ஒரு பக்கம் விறைத்து, வாய் கோணலாகத் தொங்கியது. முதலில் சாரத்தோடு என்னைப் பார்த்தார். அடுத்துப் பனிக்குள் வெறுங்காலோடு நின்ற இரண்டு பெண்களை. கடைசியாக, தன்னுடைய வாசலில் இறுகியிருந்த இரண்டு ஆண்களை. என்னவோ சொன்னார். ஜேர்மனா, ஆங்கிலமா என்று தெரியவில்லை. பாதி வாயால், சத்தமே இல்லாமல் சொன்னார். என் வேலை போய்விட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அவர் என்னைக் கடந்து போய், குளிர்நீர்த் தொட்டியில் இருந்த வாளியை முக்கி எடுத்து, இரண்டு பேரின் முகத்திலும் ஒன்றாக வீசினார்.

அவர்கள் போட்ட சத்தம் ஏரியின் மறுகரையில் அமெரிக்காக்காரனுக்கும் கேட்டிருக்கும். மூச்சை இழுத்தபோது இரண்டு வயிறும் உள்ளே போயின. அந்த ஒரு கணம் போதும். நாங்கள் மூன்று பேரும் இழுத்துக்கொண்டிருந்தபடியால் இரண்டு பேரும் வாசலைவிட்டுப் பிய்ந்து வந்து, சக்கர நாற்காலியையும் தள்ளி விழுத்தி, பனிக்குவியலில் முகம் குப்புற விழுந்தார்கள். இரண்டு முதுகுகளிலிருந்தும் ஆவி எழும்பியது, மூடி திறந்த இடியப்பத் தட்டுப்போல.

அதற்குப் பிறகு ஃபிராவ் லோமனின் கை ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரையும் இளைப்பாறும் அறைக்குக் கொண்டுபோய்ச் சாய்கதிரைகளில் படுக்கவைத்தோம். காலை உயர்த்தினார், ஈரத்துணி வைத்தார், நாடி பிடித்துப் பார்த்தார். உப்புக் கலந்த தண்ணீரைக் கரண்டியால் பருக்கினார். அம்புலன்சுக்கும் சொல்லிவிட்டார். வந்தவர்கள் பிரஷர் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஆபத்தில்லை, ஆனால் வீட்டுக்குப் போய்ப் பேசாமல் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தில்லைநாதன் அண்ணையின் நெற்றியில் மறுபடி வியர்வை துளிர்த்ததைக் கண்ட பிறகுதான் போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். ஃபிராவ் லோமன் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். பிறகு கோணிய வாயோடு, நன்றாகக் கேட்கக்கூடிய சாதாரணக் குரலில், "கதிரை நல்ல யோசனை" என்றார். அந்த அம்மாவிடம் நான் வேலை செய்த காலம் முழுவதும் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

பெண்கள் இருவரும் சுவரோரம் அமர்ந்து, கம்பளிக்குள் கிடந்த கணவன்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுவதா ஏசுவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. வெளியே ஏரி வெள்ளையாகக் கிடந்தது.

நீண்ட நேரத்துக்குப் பிறகு குலசேகரம் அண்ணை கூரையைப் பார்த்தபடி பேசினார். என்னிடம் இல்லை.

"தில்லை, உமக்கு எப்ப ஏலாமல் போச்சு?"

மற்றக் கதிரையில் கொஞ்சம் அசைவு தெரிந்தது.

"உண்மையைச் சொல்லட்டோ அண்ணை?"

"சொல்லும்."

"கதவு சாத்தின உடனேயே."

குலசேகரம் அண்ணை குலுங்கிச் சிரித்தார். கம்பளி துள்ளியது. தில்லைநாதன் அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார்கள். ஃபிராவ் லோமன் என்ன என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"எனக்குத் தம்பி துவாய் வீசுமட்டும் ஒண்டும் இல்லை" என்றார் குலசேகரம் அண்ணை, சிரிப்பு அடங்கியதும். "அதுக்குப் பிறகுதான் கொஞ்சம் கஷ்டமாயிருந்தது."

தில்லைநாதன் அண்ணை சிரிப்பதை நிறுத்தினார். முழங்கையை ஊன்றிப் பாதி எழும்பினார்.

"அண்ணை, நான் சொன்னது முதல் சாத்தின கதவு இல்லை. இவர் லொறி வந்திட்டுது எண்டு சொல்லிப்போட்டுச் சாத்தினவரெல்லோ, அந்தக் கதவு."

"அதெப்பிடி? கதவு சாத்தின உடனை எண்டால் முதல் கதவுதானே?"

"நான் முதல் எண்டு சொன்னனானோ? தம்பியைக் கேளுங்கோ!"

"தம்பியை ஏன் கேக்கிறீர்? என்னோட கதையும்!"

பவளம் அக்கா தங்கையின் கையைப் பிடித்தார்.

"மரகதம், வடிவாக் கேள்" என்றார். "கதைக்கத் தொடங்கிட்டினம்."